‘பேச்சுக் கொடுக்க வேண்டாம்’ என்ற அந்தக் கடைசி வரி

மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கும் செவிலியர் கண்காணிப்பாளர் அம்மா அவர்களுக்கும்,

சென்ற மாதம் எங்கள் மருத்துவப் பிரிவு வார்டின் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டோ மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டோ இரண்டாவது மூன்றாவது முறையாக வருகிறவர்களின் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையால் ‘பி.டி.’, அதாவது ஆளுமைக் கோளாறு, என்று குறிக்க வேண்டும்; உடல்நிலை சீரானதும் 24 மணி நேரத்துக்குள் டிஸ்சார்ஜ் செய்துவிட வேண்டும்; மனநலப் பிரிவின் ஒப்பீனியனைத் தேவைப்பட்டால் மட்டும் கேட்டால் போதும் என்று அதில் இருக்கிறது. கடைசி வரி எங்களுக்கு எழுதப்பட்டது. இப்படிப்பட்ட நோயாளிகளிடம் செவிலியர்கள் தேவையில்லாமல் பேச்சுக் கொடுக்க வேண்டாம், அது அவர்களை ஊக்குவிக்கும்.

அந்த வரியை நின்று இரண்டு முறை படித்தேன். நான் இந்த வேலைக்கு வந்து 21 வருடமாகிறது. முதல் எட்டு வருடம் மனநல வார்டு, அப்புறம் அவசர சிகிச்சைப் பிரிவு, இப்போது மருத்துவப் பிரிவு. அந்த எட்டு வருடமும் பேசுவதுதான் என் வேலை. ஊசி போட்டதும் பி.பி. பார்த்ததும் அதற்கு நடுவில் நடந்தவை. அந்த வேலையைச் செய்யாதே என்று இப்போது எழுத்தில் உத்தரவு வந்திருக்கிறது. நேரில் இரண்டு முறை வந்து சொன்னேன். முடிவு எடுத்தாகிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டேன். அதனால்தான் இந்தத் திறந்த மடல். மருத்துவமனையின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் இங்கே படுத்திருக்கும் பிள்ளைகளை ஊரார் எளிதாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

படுக்கை போதவில்லை என்பது எனக்கும் தெரியும். ஒரே கட்டிலில் இரண்டு பேரைப் படுக்க வைத்து, மூன்றாமவருக்குத் தரையில் பாய் விரித்த இரவுகள் உண்டு. 48 படுக்கைக்கு இரண்டு பேர் நைட் டூட்டி பார்க்கிறோம். பாம்புக்கடிக்கு வந்தவருக்கு இடமில்லாதபோது, போன மாதம் வந்த அதே பெண் அதே கையில் கட்டோடு திரும்ப வந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். எனக்கும் வந்திருக்கிறது. சுற்றறிக்கையை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது தவறான உத்தரவு. யார் திரும்ப வரக் கூடாது என்று அதை எழுதினார்களோ, அவர்களைத்தான் அது திரும்பத் திரும்ப வர வைக்கும்.

முதலில் அந்த ‘பி.டி.’ என்ற இரண்டு எழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெர்சனாலிட்டி டிஸ்ஆர்டர், ஆளுமைக் கோளாறு. ஒருவர் தன்னைப் பார்க்கும் விதம், பிறரோடு பழகும் விதம், கோபத்தையும் துக்கத்தையும் தாங்கும் விதம் எல்லாம் சேர்ந்ததுதான் ஆளுமை. அது வளைந்து கொடுக்காமல் இறுகிப்போய், வருடக்கணக்கில் அவரையும் சுற்றியிருப்பவர்களையும் வதைக்கும்போது கோளாறு என்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதைப் பத்து வகையாகப் பிரித்து மூன்று கொத்துகளில் வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்பாடோ 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பழைய வகைகளை விட்டுவிட்டது. கோளாறு இலேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் எந்தக் குணக்கூறுகள் தூக்கலாக இருக்கின்றன என்று பார்க்கச் சொல்கிறது. இதையெல்லாம் ஒரு மனநல மருத்துவர் உட்கார்ந்து கேட்டு, வீட்டாரிடம் விசாரித்து, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட சந்திப்புகளுக்குப் பிறகுதான் முடிவு செய்ய முடியும். நம் வார்டில் அதை முடிவு செய்வது யார்? இரவு இரண்டு மணிக்குக் கையில் சிவப்புப் பேனா வைத்திருப்பவர். மனச்சோர்வில் இருப்பவரும், கணவனின் அடி தாங்காமல் மாத்திரை விழுங்கியவரும், பரீட்சையில் தோற்றவரும் இரண்டாம் முறை வந்த ஒரே காரணத்துக்காக ‘பி.டி.’ ஆகிவிடுகிறார்கள்.

உண்மையிலேயே அந்தக் கோளாறு இருக்கிறவர்கள் நம் வார்டுக்கு வருவதில் பெரும்பாலும் ‘பார்டர்லைன்’ என்று சொல்லும் எல்லைநிலை ஆளுமைக் கோளாறுதான். கையேட்டில் ஒன்பது அறிகுறிகள் தந்து, அதில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும் என்கிறார்கள். கைவிடப்பட்டுவிடுவோமோ என்ற பதற்றம், ஒரே ஆளை இன்று தெய்வமாகவும் நாளை எதிரியாகவும் பார்ப்பது, நான் யார் என்ற பிடி இல்லாமை, உள்ளே எப்போதும் ஒரு வெறுமை, சட்டென்று மாறும் மனநிலை, அடக்க முடியாத கோபம், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு, வளர்ந்த சூழலுக்கும் பங்குண்டு. சிறுவயதில் அடியோ பாலியல் கொடுமையோ அனுபவித்தவர்கள் இவர்களில் பலர்; எல்லாருமே அப்படி என்று சொல்லவும் முடியாது.

இந்த நோய்க்கு டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சுவழிச் சிகிச்சையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் ஓர் உவமை சொன்னார். இவர்கள் உடம்பு முழுக்கத் தீக்காயம் பட்டவர்களைப் போல. மனசுக்கு மேல் தோலே இல்லாததால் லேசாகத் தொட்டாலும் துடிக்கிறார்கள். தீக்காய வார்டில் டூட்டி பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அங்கே போர்வை உரசினாலே நோயாளி அலறுவார். நடிக்கிறார் என்று யாரும் எழுத மாட்டோம். போர்வை உடம்பில் படாதபடி பெட் கிரேடில் என்ற கம்பிச் சட்டத்தை வைத்து, அதன் மேல் துணியைப் போடுவோம். மனசு அப்படி வெந்து கிடக்கிறவரிடம் மட்டும் ‘சீன் போடாதே’ என்கிறோம்.

லினஹனே 17 வயதில் ஒரு மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டுத் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு கிடந்தவர்தான். அதை 2011-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். நம் வார்டில் சிவப்பு மை வாங்கிப் போகும் ஒரு 17 வயசுப் பிள்ளை நாளைக்கு என்னவாக வருவாள் என்று நமக்குத் தெரியாது.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது 19 வயசுப் பெண் ஒருத்தி வந்தாள். அது மூன்றாவது முறை. கையில் தையல் போட வேண்டும். ஹவுஸ் சர்ஜன் தம்பி மரத்துப்போகும் ஊசிக்காக மருந்தை எடுத்தபோது, பக்கத்தில் நின்ற மூத்தவர் ஒருவர், “அதெல்லாம் வேண்டாம், அப்படியே போடு, அப்போதான் அடுத்த தடவை வரமாட்டா” என்றார். தம்பி என்னைப் பார்த்தான். நான் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு தையல். அந்தப் பெண் கத்தவில்லை, கையை இழுக்கவில்லை. மேலே ஓடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், “தாங்க்ஸ் சார்” என்றாள். அந்த தாங்க்ஸ் இன்னும் என் காதில் இருக்கிறது. இது தனக்கு வேண்டியதுதான் என்று அவளே நம்பியிருக்கிறாள். பதினோராம் நாள் திரும்ப வந்தாள், முன்னைவிட மோசமான நிலையில்.

அன்று நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இந்த மடலை எழுதுவதில் அதற்கும் பங்கு இருக்கிறது.

இங்கிலாந்தில் நைஸ் என்ற அரசு அமைப்பு 2004-இலேயே வழிகாட்டி போட்டது: தன்னைக் காயப்படுத்திக்கொண்டு வந்தவர்களுக்குத் தையல் போடும்போது மரத்துப்போக மருந்து கொடுத்தே ஆக வேண்டும் என்று. ஓர் அரசு அதை எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால் அந்த ஊரிலும் இது நடந்துகொண்டிருந்தது என்றுதான் அர்த்தம். 2022-இல் வந்த வழிகாட்டியில், தண்டிப்பது போன்ற எந்த அணுகுமுறையும் கூடாது என்று மறுபடி எழுதினார்கள். 2003-இல் அந்நாட்டு அரசின் இன்னோர் அமைப்பு வெளியிட்ட ஒரு கொள்கை ஆவணத்தின் தலைப்பிலேயே, ஆளுமைக் கோளாறு என்ற பெயரைச் சொல்லி இனி யாரையும் சிகிச்சைக்கு வெளியே தள்ளக் கூடாது என்று அறிவித்திருந்தார்கள். நம் சுற்றறிக்கை அப்படியே எதிர்த்திசையில் போகிறது.

‘ஊக்குவிக்கும்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். கவனத்துக்காகத்தான் செய்கிறார்கள், கவனித்தால் இன்னும் செய்வார்கள் என்பது உங்கள் வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. கையை அறுத்துக்கொண்டால்தான் சிஸ்டர் வந்து பக்கத்தில் உட்காருவார் என்ற நிலையை நாமே உண்டாக்கி வைத்தால், அறுத்துக்கொள்ளத்தான் செய்வார்கள். சும்மா இருக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்காத வார்டில் ரத்தம் மட்டும்தான் பேசும். அதற்கு மருந்து, காயம் ஆகாத நேரத்தில் கவனிப்பது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மனநல வார்டில் என் ஹெட் நர்ஸாக இருந்த ஓர் அக்கா. பணி ஓய்வு பெற்றுவிட்டார். நான் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணைப் பற்றி ரிப்போர்ட் புக்கில் ‘அட்டென்ஷன் சீக்கிங்’ என்று எழுதியிருந்தேன். அக்கா அதைப் படித்துவிட்டு என்னைத் திட்டவில்லை. “சரி, அவளுக்கு அட்டென்ஷன் வேணும்னு கண்டுபிடிச்சுட்டே. சோறு கேக்கிறவளுக்கு ‘பசி இருக்கு’ன்னு எழுதி வெச்சுட்டுப் போயிருவியா?” என்று கேட்டார். அப்புறம் அந்தப் பெண்ணைக் கூட்டி வந்து என் முன்னால் நிறுத்தி, “தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு இந்த சிஸ்டர் உன்னோட பதினஞ்சு நிமிஷம் உட்காருவாங்க. நீ நல்லா இருந்தாலும் உட்காருவாங்க, அழுதாலும் உட்காருவாங்க. அஞ்சேகாலுக்கு எந்திரிச்சுருவாங்க” என்றார்.

முதல் மூன்று நாள் அவள் ஐந்தேகாலுக்கு என்னைப் போகவிடவில்லை. புடவை நுனியைப் பிடித்துக்கொண்டாள். நான்காம் நாள், நான் அக்கா சொன்னபடி, எழுந்திருப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே சொன்னேன்: “இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. நாளைக்கு எனக்கு ஆஃப். நாளை மறுநாள் இதே நேரத்துக்கு வருவேன்.” விட்டுவிட்டாள். ஆஃப் முடிந்து வந்தபோது அவள் முதலில் கேட்ட கேள்வி, “நிஜமாவே வந்துட்டீங்களா?” என்பதுதான். இரண்டாவது வாரத்தில் நான்கே முக்காலுக்கே முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அந்த வார்டில் இருந்த ஐந்து வாரத்தில் கடைசி மூன்று வாரமும் அவள் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவில்லை. சாயங்காலக் கால் மணி நேரம்தான் அதற்கு ஆன செலவு.

செவிலியர் இதில் செய்யும் வேலை வெறும் அன்பு காட்டுவது என்று நினைத்துவிடக் கூடாது. எல்லையும் சேர்ந்தால்தான் அது வேலை. இவர்கள் காலையில் வரும் சிஸ்டரிடம், “நீங்க மட்டும்தான் என்னைப் புரிஞ்சுக்கிறீங்க, நைட் சிஸ்டர் ஒரு பேய்” என்பார்கள். காலை சிஸ்டருக்கு மனசு குளிர்ந்துவிடும். ஒரு போன் செய்துகொள்ளவோ, கூடுதலாக ஒரு மாத்திரைக்கோ அனுமதித்துவிடுவார். இரவு சிஸ்டர் மறுப்பார். மறுநாள் இரண்டு செவிலியர்களும் ஒருவரோடொருவர் பேசாமல் இருப்பார்கள். வார்டு இரண்டாகப் பிளந்துவிடும். அவர்கள் அதைத் திட்டம் போட்டுச் செய்வதில்லை. மனிதர்களை நல்லவர், கெட்டவர் என்று இரண்டாகத்தான் பார்க்க அவர்களுக்குத் தெரியும், ஒரே ஆளுக்குள் இரண்டும் இருக்கும் என்பது அந்த நோய்க்குள் நின்று பார்த்தால் தெரியாது. இதற்கு நாங்கள் செய்தது சின்ன விஷயம்தான். அந்த நோயாளிக்கென்று ஒரே ஒரு தாள். எதற்கு அனுமதி, எதற்கு இல்லை, பதற்றம் ஏறினால் முதலில் என்ன செய்வது, யார் எப்போது உட்காருவது என்று நோயாளியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுவோம். ஹேண்டிங் ஓவரில் அந்தத் தாள் கை மாறும். மூன்று ஷிஃப்டும் அதே பதிலைச் சொல்லும். ‘முடியாது’ என்பதைக்கூடக் குரலை உயர்த்தாமல், காரணத்தோடு, எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று சொல்வதைத்தான் தாங்க முடியாமல் உடைந்துபோகிறார்கள்.

வகைக்கு வகை அணுகுமுறையும் மாறும். சந்தேகப்படுவதே சுபாவமாகிப்போன ஒரு பெரியவர் எங்களிடம் இருந்தார். யார் கொடுத்தாலும் மாத்திரை சாப்பிட மாட்டார். அவர் எதிரே நின்று, சீல் உடையாத அட்டையைக் கையில் கொடுத்து, அவரையே பிரிக்கச் சொன்னோம். சாப்பிட்டார். தோளில் கை வைத்து, ‘என்னங்க ஐயா’ என்று நெருங்கிப் பேசும் நம் வழக்கமான பாசம் அவரிடம் எடுபடாது. அது அவர் சந்தேகத்தைக் கூட்டும். கொஞ்சம் தள்ளி நின்று, சொன்னதைச் சொன்னபடி செய்தால் போதும்.

இதையெல்லாம் எங்கே படித்தோம்? செவிலியர் பாடத்திட்டத்தில் ஆளுமைக் கோளாறு ஒரு சின்னப் பகுதி, அதுவும் பாலியல் கோளாறுகளோடு சேர்த்து. நான் படித்தபோது ஓரிரு வகுப்பில் முடிந்துவிட்டது. பத்து வகையின் பெயரையும் மனப்பாடம் செய்தோம். ஒரு பார்டர்லைன் நோயாளி உன் புடவையைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வாய் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் பக்கமும் சொல்ல வேண்டும். செவிலியர்கள் இவர்களிடம் கடுமையாக நடந்துகொள்வதற்குப் பின்னால் பயம் இருக்கிறது. வார்டில் ஒன்று நடந்துவிட்டால் முதல் மெமோ டூட்டி நர்ஸுக்குத்தான் வரும். அதுவும் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அடுத்த மாதம் வேலை இருக்குமா என்பதே அதோடு சேர்ந்துவிடும். அந்தப் பயம்தான் வெறுப்பாக வெளியே வருகிறது. இங்கிலாந்தில் காசல் மருத்துவமனையின் தலைவராக இருந்த டாம் மெயின் என்ற மனநல மருத்துவர் தன் செவிலியர்களைக் கூட்டி வைத்துப் பேசியதை 1957-இல் எழுதினார். நோயாளிக்கு மயக்கும் மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, நோயாளிக்குத் தேவைப்பட்டபோது என்றுதான் எல்லாரும் ஆரம்பித்தார்கள். பேசப் பேச உண்மை வந்தது. தங்களால் இனிமேல் தாங்க முடியாது என்ற இடம் வந்தபோது கொடுத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது என் எத்தனையோ நைட் டூட்டிகள் நினைவுக்கு வந்தன. அந்தச் செவிலியர்கள் தங்களுக்குள் அதை மனம்விட்டுப் பேச ஓர் இடம் இருந்தது. நமக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. சுற்றறிக்கைதான் இருக்கிறது.

சட்டத்தையும் பார்க்கலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்கிறது. அதே பிரிவின் அடுத்த பகுதியை யாரும் படிப்பதில்லை. அப்படிப்பட்டவர் மறுபடி முயலாமல் இருக்கப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டியது அரசின் கடமை என்கிறது அது. ‘தேவைப்பட்டால் மட்டும் ஒப்பீனியன்’ என்று எழுதும்போது அந்தக் கடமையிலிருந்து நாம் நழுவுகிறோம். மனநலம் தொடர்பான விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமை 23-ஆம் பிரிவில் இருக்கிறது. கட்டில் காலடியில் தொங்கும் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையால் எழுதினால் பக்கத்துக் கட்டிலின் அட்டெண்டர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லாரும் படிக்கிறார்கள். போன வாரம் ஒரு நோயாளியின் மாமியார் என்னிடம் வந்து, “பி.டி.ன்னா என்னம்மா, பைத்தியமா?” என்று கேட்டார். இழிவாக நடத்தப்படுவதிலிருந்து பாதுகாப்புத் தருவது 20-ஆம் பிரிவு. மரத்துப்போக ஊசி போடாமல் தைத்ததற்கு அதைவிட வேறு பெயர் என்ன? அப்புறம், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. சட்டமே தண்டனையை விட்டுவிட்ட பிறகு நாம் வார்டில் அதைத் தொடர்கிறோம்.

இவர்கள் திருந்தவே மாட்டார்கள், நேரம் வீண் என்று ஒரு மூத்த மருத்துவர் என்னிடம் சொன்னார். அமெரிக்காவில் மேரி ஸனாரினியின் குழு மருத்துவமனையில் சேர்ந்திருந்த பார்டர்லைன் நோயாளிகளைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தது. 93 சதவீதம் பேருக்குக் குறைந்தது இரண்டு வருடமாவது அறிகுறிகள் விட்டுப்போயிருந்தன. பாதிப் பேர் வேலையிலும் உறவிலும் நன்றாக ஊன்றி நிற்கும் அளவுக்குத் தேறியிருந்தார்கள். சர்க்கரை நோய்க்கு வருகிறவர்களை மாதாமாதம் சலிக்காமல் பார்க்கிறோம். தேறி எழக்கூடிய இந்த நோயில்தான் பொறுமை இழக்கிறோம். ஆனால் தேறும் காலம் வரை உயிரோடு இருக்க வேண்டும். தற்கொலையில் இறந்துபோகும் ஆபத்து இவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பலமுறை முயன்றவர் ‘சும்மா மிரட்டுகிறார்’ என்பது வார்டில் சொல்லப்படும் கதைகளிலேயே ஆபத்தானது.

இனி, உங்களிடம் நான் கேட்பவை.

சுற்றறிக்கையை முழுமையாகத் திரும்பப் பெறுங்கள். திருத்தி வெளியிட்டால் போதாது. கடைசி வரி எந்த வடிவத்திலும் இருக்கக் கூடாது. இதுவரை சிவப்பு மையால் குறிக்கப்பட்ட கேஸ் ஷீட்டுகளில் அந்தக் குறி நீக்கப்பட வேண்டும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு வரும் யாராக இருந்தாலும், எத்தனையாவது முறையாக இருந்தாலும், டிஸ்சார்ஜுக்கு முன் மனநலப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் வந்து பார்த்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதில் அடங்க வேண்டும். தையலுக்கும் ட்ரெஸ்ஸிங்குக்கும் மற்ற நோயாளிகளுக்குக் கொடுக்கும் அதே வலி மருந்து இவர்களுக்கும் உண்டு என்று ஒரு வரி அவசர சிகிச்சைப் பிரிவின் சுவரில் இருக்கட்டும்.

செவிலியர் கண்காணிப்பாளர் அம்மா, உங்களிடம் தனியாக இரண்டு விஷயம். ஆளுமைக் கோளாறு பற்றி வருடத்துக்கு ஒரு முறையாவது எல்லா வார்டுச் செவிலியர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி வேண்டும், ஒப்பந்தச் செவிலியர்களையும் சேர்த்து. அதை நம் மனநலப் பிரிவே நடத்தலாம்; வெளியிலிருந்து யாரும் வர வேண்டாம். இந்திய செவிலியர் கவுன்சில் அங்கீகரித்த ஒரு வருட மனநலச் செவிலியர் டிப்ளோமாவுக்கு விருப்பமுள்ளவர்களைப் பணியிலிருந்தே அனுப்பி வையுங்கள். இன்னொன்று, வாரம் ஒரு முறை அரை மணி நேரம், மனநல மருத்துவரோ உளவியலாளரோ உட்கார்ந்திருக்க, செவிலியர்கள் தங்கள் எரிச்சலையும் பயத்தையும் பேசும் கூட்டம். அங்கே பேசுவது மெமோவாகத் திரும்பி வரக் கூடாது.

டிஸ்சார்ஜ் தாளில் அடுத்த ஓ.பி. தேதியைப் பேனாவால் எழுதித் தருவதோடு, மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண்ணான 104 ஆகியவற்றையும் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தர வேண்டும். வீட்டுக்குப் போன முதல் சில நாள்தான் ஆபத்து அதிகம். இரண்டாம் நாள் ஒரு செவிலியர் போன் செய்து, “சாப்பிட்டியாம்மா, மாத்திரை இருக்கா, செவ்வாய்க்கிழமை வந்துருவேல்ல?” என்று கேட்பதற்கு ஓர் ஏற்பாடு செய்யுங்கள். அந்த போனைச் செய்ய நான் தயார். என் டூட்டி நேரம் முடிந்த பிறகும் செய்கிறேன்.

சுற்றறிக்கை திரும்பப் பெறப்படும் வரை நான் எந்தக் கேஸ் ஷீட்டிலும் சிவப்பு மையால் அந்த எழுத்துகளை எழுத மாட்டேன். என் ஷிஃப்டில் வரும் நோயாளிகளோடு பேசுவேன். பேசியதை நர்ஸ் நோட்ஸில் நேரம் குறித்து எழுதி வைப்பேன். இதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தால் இதே காரணங்களை எழுத்தில் தருகிறேன். இந்த மாதம் முழுக்க எனக்கு மதியம் டூட்டி. எந்த நாள் கூப்பிட்டாலும் காலையில் உங்கள் அறைக்கு வந்து பேசத் தயாராக இருக்கிறேன். அந்த 19 வயசுப் பெண்ணுக்குத் தையல் போட்ட ஹவுஸ் சர்ஜன் தம்பி இப்போது வேறு ஊரில் மருத்துவராக இருக்கிறார். கூப்பிட்டால் அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
மருத்துவப் பிரிவில் பணிபுரியும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ்